கப்பலில் வந்த செலரி விதை

மார்ச் 3, திங்கள். பிரஷர் 172/100

டாக்டர் அம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தேதி, சாப்பாடு, பிரஷர், இந்த மூன்றும் போதுமாம். மளிகைக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. நாளுக்கு ஒரு முழுப் பக்கம். மூன்று வார்த்தை எழுதிவிட்டு மீதியை வெறுமனே விட எனக்கு மனசு வராது.

நடந்தது இதுதான். என் மனைவி பால்தங்கத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு இன்று ஆபரேஷன் என்று போனோம். படுக்கவைத்து, பிரஷர் பார்த்து, எழுப்பி அனுப்பிவிட்டார்கள். "இவ்வளவு பிரஷர்ல கண்ணத் தொட முடியாது. ஏப்ரல் ரெண்டாம் தேதி வாங்க. நூத்தி நாப்பதுக்குள்ள இருந்தா செய்யலாம்" என்றார்கள். அங்கிருந்து எங்கள் தெரு டாக்டர் அம்மாவிடம் போனோம். அவர் மாத்திரை எழுதிவிட்டு, உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னார்.

உப்பைக் குறைக்கவாம். யாரிடம் சொல்கிறார்? தூத்துக்குடி உப்பளத்தில் முப்பத்தெட்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவன் நான். ஒரு கல்லை நாக்கில் வைத்தால் எந்தப் பாத்தியில் விளைந்தது என்று சொல்வேன்.

பால்தங்கத்துக்குக் கண் மங்கி ஒரு வருடமாகிறது. சமையல் எல்லாம் கைப்பழக்கத்தில்தான் நடக்கிறது. அந்தக் கைக்கு உப்பைக் குறைத்து அள்ளத் தெரியாது. போன மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நான் என்று நினைத்து, "எங்க சுத்திட்டு வாரிய, காபி ஆறிப்போச்சு" என்று டம்ளரை நீட்டிவிட்டாள். அவரும் குடித்துவிட்டுத்தான் போனார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் கொல்லையில் தனியாக நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த முப்பது நாளும் சமையல் நான்தான் என்று சொல்லிவிட்டேன். மகள் சென்னையிலிருந்து வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உப்பை ஆளத் தெரிந்தவனுக்கு ஒரு குழம்பா பெரிய விஷயம்?

மார்ச் 4, செவ்வாய். 170/98

சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத பீர்க்கங்காய். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

என் தட்டு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கல்லுப்பு வைத்துக்கொண்டேன். நோயாளி நான் இல்லையே.

மார்ச் 6, வியாழன். 170/100

உப்பு ஜாடி அவள் கைக்கு எட்டக்கூடாது என்று பரணுக்கு ஏற்றப்போனேன். நாற்காலியில் ஏறி நின்றதும் தலை லேசாகச் சுற்றியது. வெயில்தான் காரணம், மார்ச்சிலேயே இந்தப் போடு போடுகிறது. ஜாடி கீழே போய்விட்டது. அவள் கல்யாணத்துக்கு வந்த சீர் ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நாற்பத்தோரு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது.

"என்னங்க சத்தம்?"

"பூனை."

"பூனை என்னத்தத் தள்ளிச்சு?"

"டம்ளரு."

துண்டுகளைப் பேப்பரில் சுற்றிப் பரணில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். உப்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக்கொண்டேன். கண் தெரிந்த பிறகு நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் உப்பைப் பற்றிய அதே பழமொழியைச் சொல்கிறார்கள். இன்றோடு ஏழு பேர் ஆயிற்று. அதை இந்த டைரியில் எழுத மாட்டேன்.

மார்ச் 8, சனி. 168/98

மைத்துனன் ஆதிலிங்கம் வந்திருந்தான். பால்தங்கத்தின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரன், லீவில் வந்திருக்கிறான். அக்காள் தட்டைப் பார்த்தான். ஒரு வாய் எடுத்துத் தின்றும் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"அத்தான், இதத் தின்னுட்டா எங்கக்கா உயிரோட இருக்கா?"

வீட்டுக்குப் போய் ஒரு சின்னப் போத்தலோடு திரும்பி வந்தான். உள்ளே பழுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. ஓமம் என்று நினைத்தேன், ஆனால் ஓமத்தில் பாதிகூட இல்லை. செலரி விதையாம். பெரிய ஹோட்டல் சூப்பில் நீளத் தண்டாகக் கிடக்குமே, அந்தக் கீரையின் விதை.

"எங்க கேப்டனுக்கும் பிரஷருதான். அவருக்கு உப்பு போடாம இதத்தான் போடுவேன். உப்பு இல்லாத கொற தெரியாது. ஆனா கொஞ்சமாப் போடணும் அத்தான். கருகிச்சின்னா கசந்து தொலைஞ்சிரும்."

உப்பு இல்லாமல் உப்பின் குறை தெரியாதாம். கப்பல்காரன் பேச்சு. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு. 168/96

எண்ணெயைக் காயவைத்து ஒரு கரண்டி செலரி விதை போட்டு வெடிக்கட்டும் என்று நின்றேன். கடுகு வெடிக்கும், சீரகம் பொரியும். இது ஒன்றும் செய்யவில்லை. தீயைக் கூட்டினேன். வெடிக்கவில்லை. இன்னும் கூட்டினேன். புகை வந்தது. எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் தண்ணீர் வாளியோடு வந்துவிட்டார்.

அது வெடிக்கிற ஜாதி இல்லை என்று ஆதிலிங்கம் போனில் சொன்னான். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தக் கத்திரிக்காயைக் காக்காய்க்கு வைத்தேன். அது என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மார்ச் 11, செவ்வாய். 160/96

பிடிபட்டுவிட்டது! விதையை வெறும் சட்டியில் சூடு காட்டி, அம்மியில் ஒரே ஒரு நசுக்கு. தக்காளி ரசம் நுரை கூட்டும்போது கால் கரண்டி போட்டு உடனே மூடிவிட வேண்டும். மூடியைத் திறந்தால் மழை பெய்த தோட்டத்தின் வாசனை வருகிறது. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் காரம், அடியில் உப்பு மாதிரி ஏதோ ஒன்று. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் தூக்குகிறது.

"ரசம் யாரு வச்சா?" என்றாள்.

"வேற யாரு?"

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உப்பளத்தில் அந்த வருடம் நல்ல விளைச்சல் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மார்ச் 14, வெள்ளி. 152/92

உருளைக்கிழங்கில் போட்டேன், நன்றாக இருந்தது. மோரில் போட்டேன், மிக நன்றாக இருந்தது. சொதியில் போட்டேன், அதை விட்டுவிடுவோம்.

பிரஷர் இறங்குகிறது. மாத்திரைதான் காரணம் என்கிறார் டாக்டர் அம்மா. இருக்கலாம். அவர் என் ரசத்தைக் குடித்ததில்லை.

வேலைக் காலத்துக் கருவி ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீரின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாய். கடல் தண்ணீரில் விட்டால் மூன்று காட்டும். இருபத்தைந்து காட்டினால் பாத்தியில் உப்பு விளையப்போகிறது என்று அர்த்தம். அதை ரசத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். அரைக்கும் கீழே.

"ரசத்துக்குள்ள என்ன கண்ணாடிச் சத்தம் கேக்கு?" என்றாள் கூடத்திலிருந்து.

இவளுக்குக் கண்ணில் போனதெல்லாம் காதில் வந்து சேர்ந்திருக்கிறது.

ரெஜினா டீச்சர் மூன்று கரண்டி விதை கேட்டு வாங்கிப்போனார். பெருந்தன்மையோடு கொடுத்தேன்.

மார்ச் 17, திங்கள். 148/90

விதை தீர்ந்துவிட்டது. பெருந்தன்மை தேவையில்லாத வேலை. ஆதிலிங்கம் நாளைக் காலை கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறான். கடைசி நேரத்தில் பெட்டியைக் குடைந்து வேறொரு போத்தல் எடுத்துக் கொடுத்தான். "அதே செலரிதான் அத்தான், அரைச்சு வச்சது" என்றான். ஏதோ துறைமுகத்தில் வாங்கியது. மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தில் எந்த நாட்டு எழுத்து என்றே தெரியவில்லை, முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கிறது. பொடி வெளிர் பழுப்பு. நல்ல வாசனை. அம்மி வேலை மிச்சம்.

மார்ச் 18, செவ்வாய். 148/92

அற்புதம். அரைத்ததில்தான் இதன் முழுக் குணமும் வெளியே வருகிறது! சாம்பாரில் ஒரு கரண்டி. என்ன ருசி! உப்பு துளிக்கூடப் போடவில்லை, ஆனால் உப்புப் போட்ட மாதிரியே இருக்கிறது.

அனுபவம் இல்லாதவன் இதை உப்பு என்றே நினைத்துவிடுவான். நான் நினைக்க மாட்டேன். உப்பு என்றால் முதலில் நாக்கின் நுனியில் சுருக்கென்று பிடிக்கும். இது மெதுவாக, பக்கவாட்டில் வருகிறது. முப்பத்தெட்டு வருட நாக்குக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

கருவியை விட்டுப் பார்த்தேன். ஒன்றரை காட்டியது. பொடி கரைந்ததால் கனம் கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. கருவிக்கு அவ்வளவுதான் அறிவு.

பால்தங்கம் முதல் வாய் வைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்ன, நல்லால்லையா?"

"நல்லா இருக்கு" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு. இதையே போடுங்க."

மார்ச் 20, வியாழன். 154/94

வெண்டைக்காய், மோர்க்குழம்பு, இரண்டிலும் பொடி. இரண்டு முறை சோறு வாங்கினாள். பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். பிரஷர் மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி. 160/94

புது பேட்டரி.

மார்ச் 23, ஞாயிறு. 164/96

புது பேட்டரியும் மட்டம். ரெஜினா டீச்சர் வீட்டு மெஷினைக் கடன் வாங்கிப் பார்த்தேன். 166. அவர்கள் மெஷின் இன்னும் மட்டம்.

டீச்சர் என் கையிலும் பட்டையைக் கட்டவந்தார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். எனக்கு எதற்கு? நான் தினமும் காலையில் நடக்கிறவன், போகிற வழியில் டீக்கடையில் இரண்டு வடையும் காரச்சேவும் மட்டும்தான் சாப்பிடுகிறேன். மத்தியானத்தில் கண் இருட்டுவது வெயிலால்.

மார்ச் 25, செவ்வாய். 168/98

இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. இன்று நான் செய்தது சரியில்லை.

இவள் எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். நார்த்தங்காய், கருவாடு, ஊறுகாய், ஏதோ ஒன்று. அரிசி டப்பாவைக் கொட்டினேன். அவள் சேலைப் பெட்டியைத் திறந்தேன். தலையணை உறையைக்கூட உருவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எங்க வச்சிருக்க? சொல்லிரு."

"நான் ஒண்ணும் ஒளிக்கல. நீங்க போடுததத்தான் திங்கேன்."

"பின்ன எப்படிளா ஏறுது? உனக்குக் கண்ணு வேணுமா, வேண்டாமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தியதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினால் இவள் மறுபடி அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டாள். எனக்கு இவளைத் தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் என்னைக் குரல் வைத்துத்தான் கண்டுபிடிப்பாள்.

மார்ச் 26, புதன். பிரஷர் பார்க்கவில்லை

நேற்று குழம்புக்குக் கரைத்து மீந்த பொடித் தண்ணீரை ஒரு தட்டில் விட்டு மொட்டைமாடிச் சுவரில் வைத்திருந்தேன். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம் என்று எண்ணம். மறந்துபோனேன். இன்று மத்தியானம் துணி எடுக்கப்போனபோது பார்த்தேன்.

தண்ணீர் வற்றியிருந்தது. தட்டின் ஓரமெல்லாம் பூத்திருந்தது. சின்னச் சின்னச் சதுரம், வெள்ளையாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு. என் வாழ்க்கையில் பாதியை இதைப் பார்த்தே கழித்திருக்கிறேன். நாக்கில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் வைத்தேன்.

உப்பு.

நல்ல உப்பு. முதல் தரம்.

மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாளாக, வேளைக்கு ஒரு கரண்டி, என் கையாலேயே. போதாததற்கு அவள் சேலைப் பெட்டியை வேறு குடைந்திருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன். 166/98

கப்பலுக்குப் போன் போட்டேன். அலைச் சத்தத்துக்கு நடுவில் ஆதிலிங்கம் சொல்கிறான்: "அரைச்சதுல உப்பு சேத்துத்தான் அத்தான் விப்பாங்க. முக்காவாசி உப்புதான். வாயில வச்சா தெரிஞ்சிருமே, உங்களுக்குப் போயி சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

உங்களுக்குப் போய்ச் சொல்லணுமா. நியாயம்தான்.

தனியாக டாக்டர் அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் டாக்டர் முகமாகத்தான் இருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதினார். "விதை ருசிக்கு, மருந்து கெடையாது. தாராளமாப் போடுங்க, ஆனா விதையை மட்டும் போடுங்க" என்றார்.

விதைக்கு எங்கே போவது? வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "டீச்சர், அன்னிக்குக் குடுத்தம்லா மூணு கரண்டி..." நல்லவேளை, அவருக்கு அந்த வாசனை பிடிக்கவில்லையாம். அப்படியே இருந்தது.

பால்தங்கத்திடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் என் நாக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி. 160/94

ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "பழைய பொடி தீந்துட்டா?"

"ஆமா, தீந்துட்டு."

"முழுசாவா?"

"முழுசா."

பெருமூச்சு விட்டாள். "போவட்டும். எலுமிச்சம்பழம் இருந்தா கூடக் கொஞ்சம் பிழிஞ்சு விடுங்க."

மார்ச் 30, ஞாயிறு. 150/92

ரசம், கீரை, எலுமிச்சை. விதையை இப்போது எண்ணித்தான் போடுகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய். 144/88

இன்னும் நான்கு. குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன். ரெஜினா டீச்சரும் மாதாவிடம் சொல்லியிருக்கிறாராம். யார் செய்தாலும் சரி.

ஏப்ரல் 2, புதன். 138/86

138!

ஆஸ்பத்திரிப் பெண் பட்டையைக் கழற்றும்வரை நான் மூச்சு விடவில்லை. நாளை மறுநாள் ஆபரேஷன். சாப்பாட்டு டைரியைக் கேட்டார்கள். வேறொரு தாளில் தேதியும் எண்ணும் மட்டும் எழுதி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். இந்த டைரியை யார் கையிலும் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 5, சனி. 136/86

கட்டைப் பிரித்தார்கள். கண்ணைக் கசக்காமல், மெதுவாக, முதலில் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டு நரைச்சிட்டா உங்களுக்கு?"

"ஒரு வருஷமா நரைக்கேன். நீதான் பாக்கல."

சிரித்தாள். நான் மருந்துச் சீட்டு வாங்கவேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று எழுதுவது பால்தங்கம்.

அவர் குளிக்கப் போயிருக்கிறார். டைரி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. எனக்குத் தெரியாமல் ஒளிக்கிற இடத்தைப் பாருங்கள். அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று நாளாகப் படித்தேன். கண் வந்த பிறகு நான் படித்த முதல் புத்தகம் இதுதான்.

சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஜாடி உடைந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். டம்ளர் விழுந்தால் உருளும், ஜாடி விழுந்தால் உருளாது. நாங்கள் பூனை வளர்க்கவில்லை.

பொடியில் உப்பு இருப்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் வேண்டியதில்லை, நாக்கு இருந்தால் போதும். சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்புத்தான். பதினைந்து நாள் கழித்து வாயில் உப்புப் பட்டது, ஆசையை அடக்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. நான் சாப்பிடும்போது இவர் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்கும். நாற்பத்தோரு வருடத்தில் நான் வைத்த சோற்றை நிமிர்ந்து பார்க்காமல் தின்றுவிட்டுப் போன மனுஷன். நான் நன்றாக இருக்கிறது என்றதும் அந்த மூச்சு வெளியே வரும். அதைக் கேட்கிற ஆசையிலும் சும்மா இருந்துவிட்டேன். அவர் கத்திய அன்றைக்குச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெட்கம் தடுத்துவிட்டது. அதற்கு என்னை மன்னிக்கட்டும், ஜாடிக்கு நான் மன்னிக்கிறேன்.

கேஸ்காரர் விஷயமும் தெரிந்தே செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது நிஜமாகவே தெரியவில்லை.

படித்து முடித்ததும் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கவலைதான் வந்தது. நாற்காலியில் தலை சுற்றினால் வெயில். மத்தியானம் கண் இருட்டினால் வெயில். தட்டு ஓரத்தில் கல்லுப்பு, டீக்கடையில் வடை, காரச்சேவு. டீச்சர் பட்டை கட்ட வந்தால் ஓட்டம். ஒரு மாதம் என் கையில் பட்டை கட்டிய மனுஷன் தன் கையில் ஒரு நாள்கூடக் கட்டவில்லை.

நேற்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்கினேன். எண் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

178/104.

இரண்டு முறை பார்த்தேன். பேட்டரி புதுசுதான்.

டாக்டர் அம்மாவிடம் நாளைக் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். உப்பு இருந்த பிளாஸ்டிக் டப்பாவை ரெஜினா டீச்சர் வீட்டில் கொடுத்தாயிற்று. ஆதிலிங்கத்துக்குப் போன் செய்தேன், அடுத்த துறைமுகத்தில் விதையாக வாங்கி அனுப்புகிறான், முழு விதையாக. நாளையிலிருந்து இந்த டைரியை நான் எழுதுகிறேன், சாப்பிடுகிறவர் அவர்.

குளித்துவிட்டு வந்துவிட்டார். அடுப்படியில் டப்பா டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது.

"தங்கம், உப்ப எங்க வச்சிருக்க?"